நம்ம காடி எப்போது திரும்பி வரும்? கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. முன்பக்கம் உடைந்த கண்ணாடிகளும் சார்ஜர்களும் கிடக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகள்: ஒன்று இரண்டாம் தலைமுறை, இன்னொன்று ஐந்து. சனிக்கிழமை மதியமானால் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வருவதைப் பற்றி ஏற்கனவே போதுமான அளவு கத்திவிட்டேன், அதை இங்கே எழுதவில்லை. வந்து உட்கார்ந்ததும், பழைய பந்தய விளையாட்டில் ஓட்டிய காடியை (கார்தான், இங்கே காடி என்போம்) நினைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அந்தக் காடி மறுபடி வருமா?" ஆளாளுக்குச் சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் எழுதி வைத்துவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

எந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு இது?

பெரும்பாலும் கிரான் டூரிஸ்மோ என்ற காடிப் பந்தய விளையாட்டு. சுருக்கமாக ஜிடி. முதல் பாகம் 1997 கடைசியில் ஜப்பானில் வந்தது. கஸுனோரி யாமாவுச்சியின் தலைமையில் பாலிஃபோனி டிஜிட்டல் என்ற நிறுவனம் செய்கிறது. 2022 மார்ச்சில் வந்த ஜிடி7-ஐத்தான் கடையில் ஓட்டுகிறீர்கள். நடுநடுவே ஃபோர்ஸா, நீட் ஃபார் ஸ்பீட் என்ற மற்றப் பந்தய விளையாட்டுகளின் பேச்சும் வரும். கைப்பேசி விளையாட்டுகளைப் பற்றிக் கேட்காதீர்கள். கைப்பேசியை நான் திருப்புளியோடு மட்டும்தான் தொடுவது.

பழைய பாகத்தில் இருந்த காடி புதியதில் ஏன் இல்லை? எடுத்து அப்படியே போட வேண்டியதுதானே?

அப்படியே போட்டும் பார்த்தார்கள், தம்பி. 2010-இல் ஜிடி5 வந்தபோது "ஆயிரம் காடிக்கு மேல்" என்று தண்டோரா போட்டார்கள். பொய்யில்லை. ஆனால் அதில் ஏறக்குறைய 200 காடிகள்தான் புதிதாக, உள்ளும் புறமும் செய்தவை. மீதி 800 சொச்சம் பிளேஸ்டேஷன் 2 காலத்து ஜிடி4-இல் இருந்து தூக்கி வந்து கொஞ்சம் மெருகேற்றியவை. முதல் வகைக்குப் பிரீமியம் என்றும் இரண்டாவதற்கு ஸ்டாண்டர்ட் என்றும் பெயர் வைத்தார்கள்.

தீபாவளிக்கு முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்த லயத்து வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாண்டர்ட் காடிகள் அப்படித்தான். தூரத்தில் பார்த்தால் சரியாக இருக்கும். கிட்டே போனால் சக்கர வளைவு கோணல்மாணலாக, கதவுக் கோடு வெறும் கீறலாகத் தெரியும். உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. பழைய குண்டு டீவியில் யாருக்கும் தெரியாத குறையெல்லாம் தட்டை டீவியில் பல்லைக் காட்டியது.

2013-இல் ஜிடி6 அதே சரக்கோடு எண்ணிக்கையை 1200 பக்கம் கொண்டுபோனது. 2017-இல் ஜிடி ஸ்போர்ட் வந்தபோது பழைய மாதிரிகள் அத்தனையையும் கழித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் இருந்தது சுமார் 160 காடிகள்தான். ஆயிரத்திலிருந்து 160. அன்றைக்குப் போனவற்றைத்தான் இன்றைக்கும் நீங்கள் என்னிடம் வந்து கேட்கிறீர்கள்.

என்னைக் கேட்டால், கழித்தது சரி. அந்த ஆயிரத்தில் ஒரே ஸ்கைலைன் எத்தனை தடவை எத்தனை பட்டையோடு வந்தது என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கழிவில் என் காடியும் போய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு காடியைச் செய்ய அப்படி என்ன நேரம் பிடிக்கும்?

முதல் பாகத்தில் ஒருவர் ஒரு காடியை ஒரே நாளில் முடித்தார், பின்னால் வந்த பாகங்களில் ஆறு மாதம் ஆனது என்று யாமாவுச்சியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது ஒரு காடியின் உருவத்தைக் கட்டச் சில நூறு முக்கோணத் துண்டுகள் போதும். ஜிடி4-இல் சில ஆயிரம் ஆனது. ஜிடி5-இன் பிரீமியம் காடிகளில் லட்சக்கணக்கு. விளக்குக்குள் இருக்கும் பல்ப், இருக்கைத் துணியின் தையல், சன்னலை இறக்கும் பொத்தான் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அதற்கு நிஜக் காடி ஒன்று கைக்குக் கிடைக்க வேண்டும். நாலாபுறமும் படம் எடுத்து, அளவெடுத்து, இஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இதில் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். ஃபெராரியானாலும் 660 சிசி குட்டிக் காடியானாலும் செய்கிறவருக்குக் கூலி ஒன்றுதான், மாதமும் ஒன்றுதான். அப்படி இருக்கும்போது எதை முதலில் செய்வார்கள்? நீங்களே முதலாளியாக இருந்து யோசியுங்கள்.

அடுத்தது இன்னும் வருத்தமானது. விலை கூடிய காடியை ஆள் வைத்துத் துடைத்துக் கண்ணாடிக் கொட்டகையில் வைத்திருப்பார்கள், ஐம்பது வருடம் கழித்தும் கிடைக்கும். ஏழை பாழை ஓட்டிய காடி சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடி ஓடித் தேய்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அளவெடுக்கலாம் என்று ஒருவர் தேடிக் கிளம்பும் நாளில், பட்டி பார்க்காத, சாயம் மாற்றாத ஒன்று அகப்படாது. இங்கே ஈப்போ போகும் சாலையோரத்துப் பழைய சாமான் கடைகளைப் பார்த்தாலே போதும்.

ஜிடி7-இல் கிட்டத்தட்ட மாதாமாதம் இலவசமாகச் சில காடிகள் சேர்க்கிறார்கள். 400-க்கு மேல் என்று தொடங்கியது 500-ஐத் தாண்டிவிட்டது. அதில் திரும்பி வந்த பழைய முகங்களும் நிறைய. ஆக, கதவைச் சாத்திவிடவில்லை. வரிசைதான் நீளம்.

செய்து முடித்தால் போதாதா? எதற்கு அனுமதி?

காடியின் பெயர், சின்னம், உருவம் எல்லாம் செய்த நிறுவனத்தின் சொத்து. போர்ஷே கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2000 வாக்கில் தொடங்கி 2016 வரைக்கும் விளையாட்டில் போர்ஷேயைப் போடும் தனியுரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கையில் இருந்தது. நீட் ஃபார் ஸ்பீட் அவர்களுடையது. அத்தனை வருடமும் ஜிடியில் போர்ஷே கிடையாது, ரூஃப் என்ற பெயரில் போர்ஷே மாதிரியே காடிகள் இருந்தன. ரூஃப் என்பது ஜெர்மனியில் போர்ஷே உடலை வைத்துத் தன் பெயரிலேயே காடி செய்யும் நிறுவனம். என் தம்பி ரொம்ப நாள் ரூஃப்தான் அசல், போர்ஷே அதைப் பார்த்துச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தான். 2017-இல் ஜிடி ஸ்போர்ட்டில் போர்ஷே வந்தபோது எனக்குப் போன் செய்து, "அக்கா, ரூஃப்பைக் காப்பி அடித்தவன் வந்துட்டான்" என்றான்.

உரிமத்துக்குக் கெடுவும் உண்டு. அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

கஞ்சில், சாகா, வீரா, மைவி மாதிரி மலேசியக் காடிகள் ஏன் வரவில்லை?

விளையாட்டை விற்பது ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பாவை நம்பி. நம் நாட்டில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அதிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கள்ள டிஸ்க் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். "எங்கள் காடி எங்கே" என்று கேட்க வாய் வராது, வரவும் கூடாது.

ஆனால் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாறுவேடத்தில் வந்தன. நம் நாட்டுப் புரோட்டான் கம்பெனியின் முதல் சாகா, 1985-இல் வந்தது, உண்மையில் ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே. 1993-இல் வந்த வீரா, தொண்ணூறுகளின் லான்சர். லான்சர் எவலூஷன் முதல் மூன்று பதிப்பும் அதே உடல்வாகுதான். அதனால்தான் எங்கள் லயத்துக்கு எதிரே இருந்த அண்ணன் ஒருவர் வீராவுக்கு எவோ 3 முன்பம்பர், பின்னிறக்கை, பானெட் ஓட்டை எல்லாம் மாட்ட முடிந்தது. இஞ்சினை மட்டும் மாட்ட முடியவில்லை. சம்பளம் 600 வெள்ளி, எங்கிருந்து மாட்டுவது? முதல் பெர்டானா, மிட்சுபிஷி எட்டர்னா. ஜிடியில் எவோ 3-ஐ ஓட்டும்போதெல்லாம் எங்களுக்கு அது வீராதான். விலை கூடிய வீரா.

நம் நாட்டின் இன்னொரு கம்பெனி பெரோடுவா பக்கம் வந்தால் எல்லாம் ஜப்பானின் டைஹாட்சு. 1994-இல் வந்த கஞ்சில், மிராவின் எல்200 என்ற தலைமுறையின் வழி. 2001-இன் கெலிசா, அதற்குப் பின்னால் வந்த மிரா. கெனாரி என்றால் மூவ், கெம்பாரா என்றால் டெரியோஸ், 2005-இன் மைவி என்றால் பூன். அதையே டொயோட்டா பாஸோ என்றும் விற்றார்கள். நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்டில் பெஜோ 206 இருந்ததே, அதுதான் இங்கே நாஸா 206 பெஸ்தாரி.

இதைவிடப் பெரிய வேடிக்கை லோட்டஸ். 1996-லிருந்து 2017 வரை அந்த ஆங்கிலேயக் கம்பெனி புரோட்டான் கையில் இருந்தது. ஜிடி4-இல் லோட்டஸ் எலீஸ் எடுத்தவன் ஒரு வகையில் மலேசியக் காடி ஓட்டினான் என்று நான் வாதாடுவேன். பள்ளியில் ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனைக் கூட்டிப்போய், புரோட்டான் சத்ரியா ஜிடிஐயின் பின்பக்கம் லோட்டஸ் பெயரோடு ஒட்டியிருந்த வில்லையைக் காட்டினேன். வாயை மூடினான்.

பெயர்களையும் பாருங்கள். வீரா, சத்ரியா, புத்ரா, பெர்டானா. வீரன், சத்திரியன், புத்திரன், பிரதானம். மலாய்க்காரர் வைத்த பெயர், சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, எங்கள் பாட்டிக்கு ஒன்றையும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. "புத்ராவை வாங்குறதுக்கு முன்ன கல்யாணத்தைப் பண்ணு" என்று மாமாவைக் கிண்டல் அடிப்பார்.

வர வேண்டிய ஒன்று என்று நான் மனசாரச் சொல்வது புரோட்டான் பெர்ட். எவலூஷனை அடியாக வைத்துச் செய்த ரேலிக் காடி. 2002-இல் கரம்ஜித் சிங் அதை ஓட்டி, உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்றார். உலகப் பட்டம், தம்பி. யாராவது பெரிய நிறுவனம் அதை விளையாட்டில் போட்டால் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பேராக் சாலையும் போட்டுக் கொடுக்க வேண்டும், பேராசைதான்.

அக்கா, உங்களுக்கு எந்தக் காடி வரணும்?

டைஹாட்சு மிரா டிஆர்-எக்ஸ்எக்ஸ் அவன்ஸாட்டோ ஆர், 1997. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காடி ஒரு சுற்று போய்விடும். 659 சிசி, நாலு சிலிண்டர், டர்போ, 64 குதிரை. ஜப்பானில் அந்தக் குட்டி வகைக்கு அதற்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஜிடி3, ஜிடி4 இரண்டிலும் இருந்தது. இங்கே கஞ்சில் பைத்தியங்கள் "எல்5" என்று சொல்லி, பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் தேடி வாங்கி மாட்டுவது இதன் இஞ்சினைத்தான். கண்டிப்பாகப் பார்த்தால் இது கஞ்சிலின் நேர் அண்ணன் இல்லை. கஞ்சில் எல்200, இது அதற்கடுத்த எல்500. பரவாயில்லை, முகச்சாடை இருக்கிறது.

எங்கள் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டினார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். 2001-இல் இரண்டாம் கையாக ஒரு கஞ்சில் 850 வாங்கினார், வெள்ளை. அம்மா முன்னால், நான், தம்பி, பாட்டி, சோற்றுப் பானை பின்னால். தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்கு அந்தக் குட்டிக் காடியில் ஏழு பேர் போயிருக்கிறோம். போலீஸ் அங்கிள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். டாஷ்போர்டில் முருகன் படம், பக்கத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம். வெயிலில் நின்றால் பிளாஸ்டிக்கும் விபூதியும் சேர்ந்து ஒரு வாசம் வரும்.

அதே சமயம் வீட்டில் பிளேஸ்டேஷன் 2-உம் வந்தது, மாமா வேலை மாறிப் போகும்போது கொடுத்தது. ஜிடி4-இல் தம்பி மிராவைக் கண்டுபிடித்த அன்றைக்கு வீடே கூடி நின்றது. "நம்ம காடி டீவில வருது" என்று பாட்டி பக்கத்து லயத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

2008-இல் தம்பிக்குப் பாலிடெக்னிக் கிடைத்தது. கஞ்சிலை விற்றோம். வாங்க வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு, பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுத்துப் போனார். முருகனையும் எலுமிச்சம்பழத்தையும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தம்பி வெளியே வரவே இல்லை, உள்ளே மிராவை ஓட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவரை அந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை. "எங்க, கொடு பார்ப்போம்" என்றார். முதல் கேள்வியே, "ஸ்டியரிங் எங்கடா?" ஜிடி4-இல் உள்ளிருந்து ஓட்டும் காட்சி கிடையாது. பானெட் மேலிருந்தோ பின்னாலிருந்தோதான் பார்க்க வேண்டும். தம்பி விளக்கினான். அடுத்த கேள்வி, "சிக்னல் எங்க போடுறது?" சுக்குபா பந்தயத்தடத்தில் அப்பா 60-க்கு மேல் போகவில்லை. வளைவுக்கு வளைவு நின்று நிதானித்துத் திருப்பினார். மற்ற ஐந்து காடியும் அவரை ஒரு முழுச் சுற்று முந்தின. "போகட்டும், என்ன அவசரமோ" என்றார். கடைசி ஆளாக வந்து, கோட்டைத் தாண்டி, சாலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார்.

எனக்கு மிரா ஏன் வேண்டும் என்று இப்போது தெரிந்திருக்கும். இப்போது செய்கிற காடிகளுக்கு உள்பக்கம் இருக்கிறது. ஜிடி4-இல் உட்கார இடமில்லை, ஜிடி5, 6-இல் வெறும் இருட்டு. வலப்பக்க ஸ்டியரிங், சின்ன டாஷ்போர்டு, மேலே ஏறி வரும் வெயில். அதற்குள் உட்கார்ந்து ஒரு சுற்று, 60-இல், போக வேண்டும். ஜிடி7-இல் டைஹாட்சு என்றால் கோப்பென் இருக்கிறது. அழகான காடி, குறை சொல்லவில்லை. ஆனால் கோப்பெனில் ஏழு பேர் போக முடியாது.

காடி விளையாட்டில் இருக்கிறது, ஆனால் வாங்க முடியவில்லையே?

ஜிடி7-இல் மூன்று கடை. புதுக் காடிக் கடையில் எப்போதும் கிடைக்கும். பழைய காடிக் கடையிலும் அரிய காடிக் கடையிலும் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு இருப்பது அடுத்த வாரம் "விற்றுவிட்டது" என்று நிற்கும், மறுபடி வர வாரங்கள் ஆகும். சில நிறுவனங்களின் உயர்ந்த காடிகளுக்கு அழைப்பு வேறு வேண்டும், அதற்கும் நாள்கெடு. ஆகவே கையில் காசு சேர்த்து வைத்துக்கொண்டு தினமும் எட்டிப் பாருங்கள். பொழுதுபோகவில்லை என்று கண்டதை வாங்கித் தள்ளிவிட்டு, வேண்டியது வரும்போது என் முகத்தைப் பார்க்காதீர்கள்.

2022 மார்ச்சில், விளையாட்டு வந்த அதே மாதம், பந்தயப் பரிசுத் தொகையைக் குறைத்தார்கள். கூடவே சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்துவிட்டது. தனியாக ஓட்டுகிறவனுக்குக்கூட இணையம் இல்லாமல் இந்த விளையாட்டில் பெரும்பகுதி திறக்காது என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. திட்டு மழை பெய்தபின் மன்னிப்புக் கேட்டு ஆளுக்குப் பத்து லட்சம் விளையாட்டுக் காசு கொடுத்தார்கள். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் வாழ்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஓடவில்லையா, கடைக்கு வாருங்கள்.

நிஜக் காசு கட்டி விளையாட்டுக் காசு வாங்கலாமா என்று கேட்டால், அம்மா கார்டைக் கொண்டு வருகிற எவனையும் நான் உள்ளே விட மாட்டேன்.

எப்படிக் கேட்டால் கொடுப்பார்கள்?

கேட்டால் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது? இருந்தாலும் ஒழுங்காகக் கேட்க ஒரு வழி இருக்கிறது. "மிட்சுபிஷி போடுங்க" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். எந்தக் காடி, எந்த வருடம், எந்த வகை, எந்த இஞ்சின் என்று எழுதுங்கள். முந்தைய எந்தப் பாகத்தில் இருந்தது என்று சொல்லுங்கள், ஏற்கனவே ஒருமுறை ஒப்புதல் வாங்கிய காடி என்பது அவர்களுக்கு நினைவு வரும். எந்தப் பந்தயத்தில் அது பொருந்தும் என்றும் ஒரு வரி. நல்ல நிலையில் இருக்கும் நிஜக் காடி யாரிடமாவது இருப்பது தெரிந்தால் அதையும் சொல்லலாம். ஒரு பதிவுக்கு ஒரு காடி. நாற்பது காடிப் பட்டியலை எவரும் படிப்பதில்லை, நானே படிப்பதில்லை.

கெட்ட வார்த்தை வேண்டாம். திட்டி வாங்கிய காடி நல்லபடி ஓடாது.

மோட் போட்டு நாமே கொண்டு வரலாமா?

மோட் என்றால் ரசிகர்களே செய்து விளையாட்டில் சேர்ப்பது. கணினி இருந்தால் கொண்டு வரலாம். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸாவில் சாகாவும் மைவியும் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எல்லாம் ஆர்வலர்கள் செய்தவை. காடிகள் இருக்கும் கோப்புறைக்குள் புதிய ஒன்றைப் போட்டால் பட்டியலில் வந்து நிற்கும்.

செய்வதுதான் கஷ்டம். உருவத்தை வரைவது முதல் வேலை. எடை, கியர், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் எழுத்துக் கோப்புகளில் எண்களாக இருக்கும். சத்தத்துக்குத் தனிக் கோப்பு. உருவத்தை அழகாகச் செய்துவிட்டு எண்களை வேறு காடியிலிருந்து ஒட்டிவிடுகிறவர்கள் அதிகம். பார்த்தால் கஞ்சில், ஓட்டினால் பிஎம்டபிள்யூ. அப்படி ஒன்றை இறக்கி, மேட்டில் மூன்றாம் கியரில் 120 போனதும் அழித்துவிட்டேன். கஞ்சிலில் மேடு ஏறத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஏர்கோனை அணைக்க வேண்டும், பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. வேறு விளையாட்டிலிருந்து உருவத்தைத் திருடி ஒட்டிய மோட்களும் உண்டு. ஒருவனுடைய ஆறு மாத உழைப்பு. காசு கேட்டு அதை விற்கிறவனிடம் வாங்காதீர்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? தூக்கிப் போடலாமா?

போடாதே! என்னிடம் கொடு.

சர்வரைக் கேட்காத டிஸ்க் இருந்தால் காடி இருக்கிறது. ஃபோர்ஸா ஹொரைஸன் 4-ஐ 2024 டிசம்பர் 15-இல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள், உரிமங்களின் கெடு முடிந்தது காரணம். ஏற்கனவே வாங்கியவர்கள் இன்னும் ஓட்டலாம், புதிதாக வாங்க முடியாது. யுபிசாஃப்டின் தி க்ரூ அதைவிட மோசம். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள், காசு கொடுத்து வாங்கி டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவனுக்கும் விளையாட்டு திறக்காது. காடி மட்டுமல்ல, மொத்த அமெரிக்காவும் அந்த விளையாட்டில் சாலையாக இருந்தது, அதுவும் சேர்ந்து போனது. விளையாட்டுகளைக் கொல்லாதே என்று ஐரோப்பாவில் கையெழுத்து வேட்டையே நடந்தது அதற்குப் பிறகுதான். ஜிடி ஸ்போர்ட்டின் சர்வரும் 2024 ஜனவரி 31-உடன் மூடியாகிவிட்டது.

என் பிளேஸ்டேஷன் 2 எந்தச் சர்வரையும் கேட்பதில்லை. லென்ஸை இரண்டு தடவை மாற்றினேன். நினைவட்டை மட்டும்தான் கவலை, அதில் மிரா இருக்கிறது. கீறல் விழுந்த டிஸ்க்கைப் பற்பசையால் தேய்க்கச் சொல்லும் அறிவாளிகளை நம்பாதீர்கள், மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

நம் நாட்டுச் செப்பாங் பந்தயத்தடம் உண்டா?

ஜிடியில் இல்லை. 1999-லிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் அங்கே நடந்ததால் அந்தக் காலத்து ஃபார்முலா ஒன் விளையாட்டுகளில் 5.543 கிலோமீட்டரும் அப்படியே இருக்கும். நம் ஊர் மழையோடு.

இதை விளையாடினால் பையன் ரோட்டிலும் இப்படித்தான் ஓட்டுவானா? (அம்மாக்கள் கேட்பது)

என் அப்பா ரோட்டில் ஓட்டியபடிதான் இதையும் ஓட்டினார், அக்கா. உங்கள் பையன் அதைத் திருப்பிப் போட்டு, விளையாட்டில் ஓட்டுகிறபடி ரோட்டில் ஓட்டுகிறானா என்று பார்த்துச் சொல்கிறேன். ஆனால் அந்த மோட்டாரில் மூன்று பேர் விஷயத்தை நீங்களும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மிரா வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

டைஹாட்சு 2016-இலிருந்து முழுக்க டொயோட்டாவுடையது, டொயோட்டா காடிகள் ஜிடி7-இல் ஏராளம், ஆகவே உரிமம் தடையாக இருக்காது என்பது என் கணக்கு. வரிசையில் அதன் முறை எப்போது என்பதுதான்.

புதிய காடிகள் சேர்வதற்குச் சில நாள் முன்னால் யாமாவுச்சி அவற்றின் நிழலுருவத்தை மட்டும் ட்விட்டரில் போடுவார். கறுப்புப் படம், ஓரத்தில் மட்டும் வெளிச்சம். தம்பி இப்போது ஜோகூரில் வேலை பார்க்கிறான். பிள்ளைகள் இரண்டு, கையில் மைவி. படம் வந்த அடுத்த நிமிடம் எனக்கு அனுப்பிவிடுவான். குட்டையாக, கூரை தூக்கலாக ஏதாவது தெரிந்தால் இரண்டு பேரும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்போம். கண்ணாடி வைத்த இடம், பின்கதவின் சாய்வு. பிறகு அவனே எழுதுவான்: "இல்லக்கா, இது வேற." நான் கட்டைவிரலைப் போடுவேன். அப்பா பக்கத்தில் இருந்தால், "என்னவாம்?" என்று கேட்பார். "இன்னும் வரலப்பா" என்பேன். "டிராஃபிக்கா இருக்கும்" என்பார்.